தகர வில்லையில் போன கொழும்புப் பயணம்

போன வாரம் நம் ஜவுளி ஏஜெண்டுகள் கூடிச் சாப்பிட்ட விருந்தில், பினாங்குக்குப் போய்த் திரும்பிய ஒரு தம்பி எழுந்து நின்று தன் சாமர்த்தியத்தைச் சொன்னான். பதினெட்டு நாளில் மூன்று வேளைதான் காசு கொடுத்துச் சாப்பிட்டானாம். மற்ற வேளையெல்லாம் கோயில் பிரசாதம், கல்யாண வீடு, ஊர்க்காரன் கடை. படுக்கை, யாருடைய கிட்டங்கியிலோ அரிசி மூட்டைமேல். கேட்டவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் கை தட்டவில்லை. "பெரியவருக்குக் காது மந்தம் போலிருக்கு" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னது நன்றாகக் கேட்டது. என் காதுக்கு ஒன்றும் இல்லை. எரிந்தது வயிறு. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் சங்கத்தார் கேட்டிருந்தார்கள் அல்லவா, அந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. என் காலத்தில் இருந்தது, உங்கள் காலத்திலும் இருக்கிறது. கடல் கடந்து போகும் ஏஜெண்டுக்குக் கப்பல், சாப்பாடு, தங்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலாளி ஒரே தொகையாக வழிக்காசு கொடுத்துவிடுவார். எப்படிச் செலவழித்தாய் என்று கேட்க மாட்டார். மிஞ்சியது ஏஜெண்டுக்கு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜவுளி விற்கப் போனவனைச் சோற்றுக்கு வழி தேடி அலைய வைத்ததும் இந்தப் பழக்கம்தான். கோட்டும் தலைப்பாகையும் போட்ட பிச்சைக்காரர்களை நான் கொழும்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நான்.

ஒருவர் ஊரிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போய், அதை ஐந்தாம் நாள் வரை சாப்பிட்டு, ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். இன்னொருவர் ரிக்‌ஷாக் கூலியை மிச்சம் பிடிக்க மழையில் மூன்று மைல் நடந்து, மாதிரித் துணியெல்லாம் சொட்டச் சொட்டக் கடை வாசலில் போய் நின்றார். "பிழிஞ்சு காட்டுவியளா, இல்ல நாங்களே பிழிஞ்சு பாத்துக்கிடணுமா?" என்று கடைக்காரர் கேட்டாராம். இதையும் அவர் சாமர்த்தியக் கதையாகத்தான் எங்களிடம் சொன்னார்.

எங்கள் எல்லாருக்கும் குரு ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ரங்கூன், கொழும்பு, பினாங்கு மூன்றிலும் காசு செலவழிக்காமல் வாழத் தெரிந்தவர். ஓட்டலில் ஒரு தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு காலை முழுவதும் உட்கார்ந்திருப்பார், யாராவது தெரிந்த முகம் வந்து பலகாரம் வாங்கிக் கொடுக்கும்வரை. "கப்பல்ல மேல் கிளாஸ்ல போறவனும் கீழ போறவனும் ஒரே நேரத்துலதாம்வே கரை ஏறுதான். பெறகு எதுக்குக் கூடக் காசு?" என்பார். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். ஊர் திரும்பி வழிக்காசில் அதிகம் மிஞ்சியவன் எவனோ, அவனுக்குத்தான் அந்த மாதம் எங்கள் கூட்டத்தில் மதிப்பு. எத்தனை சேலை விற்றான் என்று யாரும் கேட்டதில்லை.

என் கைவரிசையையும் கேளுங்கள். நான் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவன். உபதேசியார் மகன். கொழும்பில் தமிழ்ச் சபை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்து, ஜெபம் முடியும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால், எந்தக் குடும்பமாவது "தனியா வந்திருக்கீங்களா தம்பி, சாப்பிட வாங்க" என்று கூப்பிடும். எந்த வீட்டில் கறி, எந்த வீட்டில் வெறும் பருப்பு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கறி வீட்டுக்காரர் எந்தப் பெஞ்சில் உட்காருவாரோ அதற்குப் பக்கத்தில்தான் என் பக்தி பெருகும். கடவுளை வைத்துக் காசு மிச்சம் பிடித்தவன் நான். தூ!

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தனுஷ்கோடி வழியாக ரயிலும் கப்பலும் சேர்ந்து ஓடத் தொடங்காத காலம் அது. கொழும்புக்குப் போக வேண்டுமானால் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏற வேண்டும். எனக்கு இருபத்தாறு வயது. அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளி முதலாளியிடம் வேலை பார்த்தேன். அவருக்காகக் கல்லிடைக்குறிச்சியிலும் சுற்று ஊர்களிலும் பதினான்கு தறிகள் ஓடின. நெய்தது கருநீலச் சேலை, சிவப்புக் கரை. நம் பக்கத்துப் பெண்கள் அதை அவ்வளவாக எடுப்பதில்லை. கொழும்பில் காயல்பட்டினத்து முதலாளி ஒருவர் மொத்தமாக வாங்கி, மலைத் தோட்டங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஒரு மனிதர் வாங்கினால் பதினான்கு தறியும் ஓடும். வாங்காவிட்டால் நிற்கும். அவ்வளவுதான் கணக்கு.

அந்த வருஷம் எங்கள் முதலாளி மலிவாகக் கிடைத்தது என்று ஒரு சாயப்பொடியை வாங்கிக் கொடுத்தார். சேலையெல்லாம் பார்க்க ஜோராக இருந்தது. கொழும்பு போய்ச் சேர்ந்து முதல் அலசலிலேயே கரைச் சிவப்பு ஓடிவிட்டது. தந்தி வந்தது: சாயம் நிற்கவில்லை, பத்து நாளைக்குள் ஆள் வந்து சமாதானம் சொல்லாவிட்டால் சரக்கு திரும்பும், அடுத்த பருவத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் தறிகாரர்கள் சும்மா இருக்கவில்லை. தந்திக்கு முன்பு முதல் புகார்க் கடிதம் வந்தபோதே சண்முகம் என்ற தறிகாரன், பொடியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய முறையில் சாயமேற்றி ஒரு சேலை நெய்து வைத்திருந்தான். தந்தி வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு நடந்தே வந்தான். கூட அவன் மனைவி பேச்சியம்மாள்.

"மூணு தடவ கொதிக்குத வெந்நியில போட்டு அலசியாச்சு ஐயா. ஒரு சொட்டு எறங்கல" என்றான் சண்முகம். "இத மட்டும் அவியகிட்ட காட்டிப்புடுங்க. அவிய கண்ணு முன்னாலயே வெந்நியில போடுங்க. பெறகு அவியளே வேண்டாம்னு சொல்ல மாட்டாவ."

"சீக்கிரம் போயிருங்க ஐயா" என்றாள் பேச்சியம்மாள். "தறி நின்னா எங்களுக்கு வேற தொழிலு தெரியாது."

முதலாளி எப்போதும் கொடுப்பதைவிடக் கூடுதலாக வழிக்காசை என் கையில் வைத்தார். "ஏலே, ரெண்டாங் கிளாஸ்ல போ. நல்ல எடத்துல தங்கு. தப்பு நம்ம பேருல இருக்கு, கௌரவமா போயி எறங்கினாத்தான் பேச முடியும். காசப் பாக்காத, நாளப் பாரு" என்றார். தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரயிலில் ஏறினேன். கங்கைகொண்டானில் ஒரு கங்காணி தன் ஆட்களோடு என் பெட்டியில் ஏறினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகிறவர். ஆணும் பெண்ணுமாக இருபத்தெட்டுப் பேர். ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் கோத்த ஒரு தகர வில்லை, அதில் தோட்டத்தின் எண். அந்த வில்லை கழுத்தில் இருந்தால் ரயில், கப்பல், முகாமில் சோறு எதற்கும் காசு கொடுக்க வேண்டாம். எல்லாம் தோட்டத்துச் செலவு. கங்காணி என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றார்.

"ஊர்ல முப்பது பேரு வாரேன்னானுவ. ரயிலடிக்கு வரும்போது ரெண்டு பேரு ஓடிட்டானுவ" என்றார். "ரெண்டு வில்ல சும்மா கெடக்குவே."

சும்மா என்ற வார்த்தை என் காதில் விழுந்ததும் எனக்குப் புத்தி கெட்டது. எங்கள் குருவே செய்யாத காரியம் இது. வழிக்காசு முழுவதும், ஒரு தம்பிடி குறையாமல் மிச்சம்! ஊர் திரும்பி நான் இதைச் சொல்லும்போது எங்கள் கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடும் என்று நினைத்தேன். கங்காணியிடம் பைய பேச்சுக் கொடுத்தேன். தலை எண்ணிக்கை குறைந்தால் தோட்டத்துரையிடம் அவருக்குத்தான் கெட்ட பெயர். எனவே அவருக்கும் ஆசை.

"கொளும்புல எறங்கினதும் நான் நழுவிருவேன். உமக்குச் சம்மதமா?" என்றேன்.

"நீரு போய்க்கிடும். கூட்டத்துல தொலஞ்சிட்டாம்னு சொல்லிக்கிடுதேன்" என்றார்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி மூட்டையில் வைத்தேன். தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பள்ளியில் ஆங்கில வாசிப்புக்குப் பரிசு வாங்கிய கழுத்து அது.

தூத்துக்குடிக்கு முன்னாலேயே எங்களை இறக்கி ஒரு முகாமில் அடைத்தார்கள். பிளேக் பயம். ரெண்டாங் கிளாஸில் போயிருந்தால் அன்றே கப்பல் ஏறி மறுநாள் காலையில் கொழும்பில் இருந்திருப்பேன். நான் கப்பல் ஏறியது மூன்றாம் நாள். பரவாயில்லை, பத்து நாள் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டேன். முகாமில் போட்ட சோற்றை ருசித்துச் சாப்பிட்டேன். இலவசச் சோறு அல்லவா!

நாலாம் நாள் காலையில் கொழும்புத் துறைமுகம். குரு சொன்னது சரிதான், மேல் கிளாஸும் கீழும் ஒரே நேரத்தில்தான் கரை ஏறின. மேல் கிளாஸ்காரர்கள் குடையை விரித்துக்கொண்டு ஊருக்குள் போனார்கள். எங்களைக் கயிறு கட்டிய ஒரு வழியாக நடத்தி, நேரே வேறொரு ரயிலில் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் சேவகர்கள். நழுவுவதற்கு எலிக்குக்கூட இடமில்லை. கங்காணியைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

ஊருக்கு வெளியே கம்பி வேலி போட்ட பெரிய முகாம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஆறு நாள் அங்கே இருந்து, நோயில்லை என்று தெரிந்த பிறகுதான் மலைக்குப் போக வேண்டும். போனதும் எல்லாருடைய துணியையும் வாங்கி வலைகளில் போட்டு நீராவிப் பெட்டிக்குள் தள்ளினார்கள். என் கோட்டும் வேட்டியும் ஒரு வலையில் விழுந்தன. மூட்டையில் இருந்த சண்முகத்தின் சேலை இன்னொரு வலையில்.

பெட்டியைத் திறந்தபோது என் கோட்டு ரோஜாப்பூ நிறத்தில் வெளியே வந்தது. வேட்டியும் அப்படியே. என் வலையில் எங்கள் கூட்டத்துப் பெண் ஒருத்தியின் சேலை இருந்திருக்கிறது. கருநீலம், சிவப்புக் கரை. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, எங்கள் சரக்குதான். மலிவுப் பொடிச் சாயம்.

"அம்பாசமுத்திரம் சந்தையில ஆசையா எடுத்த சேல" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எந்தக் கட்டையில போறவன் இதுக்குச் சாயம் போட்டானோ! எந்தக் கூறுகெட்டவன் இத வித்தானோ!"

கூறுகெட்டவன் அவள் பக்கத்தில்தான் ரோஜாப்பூ வேட்டியோடு நின்றான்.

பிறகு அடுத்த வலையைத் திறந்தார்கள். சண்முகத்தின் சேலை வந்தது. விரித்துப் பார்த்தேன். கரைச் சிவப்பு கரையிலேயே இருந்தது. கூட இருந்த வெள்ளைத் துண்டுகளில் ஒரு பொட்டுக் கறை இல்லை. கொதிக்கும் நீராவி அதை ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தறிகாரன் சொன்னது அத்தனையும் உண்மை. இந்தச் சேலையையும் என் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், கொழும்பு முதலாளி வேறு பேச்சே பேச மாட்டார். இதைவிட நல்ல சாட்சி எந்த ஏஜெண்டுக்கும் கிடைத்ததில்லை. அப்போது கெடு முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது.

முகாம் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். ஆங்கிலத்தில் என் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கழுத்து வில்லையைப் பார்த்தார், பிறகு கோட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் ஏன் காணும் தகரத்தைக் கழுத்தில போட்டனீர்?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. "ஒண்டு செய்யலாம். தோட்டத்துக்கு உம்மால வந்த செலவைக் கட்டிப்போடும். டொக்டருக்கு நான் எழுதித் தாறன். நாளைக்கு வெளியில போகலாம். அதுவும் ஏலாதெண்டால், உம்மட முதலாளிக்கு ஒரு தந்தியாவது அடியும், நான் அனுப்பி விடுறன்" என்றார்.

தம்பிமாரே, இந்த இடத்தை நிறுத்திப் படியுங்கள். கப்பலில் ஏறியது முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் தொலைந்தது அங்கே இல்லை, இந்த மேசைக்கு முன்னால்தான். இடுப்பில் வழிக்காசு முழுவதும் கட்டிவைத்திருந்தேன். குமாஸ்தா சொன்ன தொகை ரெண்டாங் கிளாஸ் கட்டணத்தைவிடக் கூடுதல். கட்டினால் இத்தனை பாடும் வீண், மிச்சமும் இல்லை. கட்டாமல் இருந்தால், ஆறு நாள் தங்கலும் சோறும் இலவசம். ஆறாம் நாள் முடிந்தால் பத்தாம் நாள் காலை. ரயிலடியில் எப்படியாவது நழுவிச் சரியாகக் கெடுவுக்குள் கடையில் போய் நிற்கலாம். தந்தி அடிக்கலாம் என்றால், வெட்கம். கூலிக் கூட்டத்தோடு முகாமில் கிடக்கிறேன் என்று ஒரு ஜவுளி ஏஜெண்டு எந்த முகத்தோடு தந்தி அடிப்பான்? போதாததற்குத் தந்திக்கும் காசு.

"வேண்டாம், இருந்துக்கிடுதேன்" என்றேன்.

"உம்மட விருப்பம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

ஆறு நாள் இலவசமாகச் சாப்பிட்டேன். இலவசமாகத் தூங்கினேன். படுத்தால் பேச்சியம்மாள் சொன்னது காதில் கேட்கும். உடனே இன்னும் நாலு நாள், இன்னும் மூன்று நாள் என்று விரலை மடக்கி அவளுக்குப் பதில் சொல்லிக்கொள்வேன். ஆறாம் நாள் எங்கள் கொட்டகையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு எல்லாருக்கும் மூன்று நாளைக் கூட்டினார். அலுவலகத்துக்கு ஓடினேன். காசை எடுத்து மேசைமேல் வைத்தேன். முழுக் காசையும் வைத்தேன். வாய்விட்டு அழுதேன்.

"இப்ப ஒண்டும் செய்யேலாது காணும். காய்ச்சல் வந்தால் கவர்னர் எண்டாலும் வெளியில போகேலாது" என்றார் குமாஸ்தா.

பதின்மூன்றாம் நாள் வெளியே விட்டார்கள். சும்மா விடவில்லை. தோட்டத்துக்கு என்னால் ஆன கப்பல், ரயில், கூடுதல் நாள் சோறு எல்லாச் செலவையும் வசூலித்துக்கொண்டுதான் விட்டார்கள். இடுப்பில் மிஞ்சியது திரும்பிப் போக டெக் டிக்கெட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும்தான் கண்டது. ரோஜாப்பூக் கோட்டை மாட்டிக்கொண்டு காயல்பட்டினத்து முதலாளியின் கடைக்கு ஓடினேன். ரிக்‌ஷா வைத்தேன். அந்த ஒரு தடவை காசைப் பற்றி நினைக்கவில்லை.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"என்னவே கோலம் இது? உயிரோடதான் இருக்கீரா?" என்றார். "ரெண்டாங் கிளாஸ்ல ஆள் வாரான்னு உம்ம முதலாளி தந்தி அடிச்சாரு. ரெண்டு நாளு துறைமுகத்துக்கு ஆள் அனுப்பினேன். மாடி அறைய ஒழிச்சு வச்சேன். உமக்குன்னு வீட்டுல சமச்சு வச்சுக் காத்துக் கெடந்தோம். ஆளக் காணலன்னு நான் தந்தி அடிச்சா, பொறப்பட்டுட்டான்னு அவரு அடிக்காரு. கடல்ல விழுந்துட்டீரோன்னு பதறிட்டோம்."

தங்க இடம் இருந்திருக்கிறது. சாப்பாடு இருந்திருக்கிறது. மரியாதையோடு, வீட்டு மனிதனாக, ஒரு காசு செலவில்லாமல். நான் அங்கே கம்பி வேலிக்குள் தகரத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன். பாளையங்கோட்டையில் என் தாயார் பத்து நாளாகப் பட்டினி கிடந்து ஜெபித்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சண்முகத்தின் சேலையை விரித்தேன். வெந்நீர் கேட்டு வாங்கி அவர் கண் முன்னால் முக்கிக் காட்டினேன். என் கோட்டையும் காட்டினேன். அவர் சேலையைப் பிழிந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல வியாபாரிக்கு நல்ல சரக்கு தெரியும்.

"மாஷா அல்லாஹ், தங்கமான சரக்கு" என்றார். "இத யாரு நெய்ஞ்சது?"

"எங்க தறிகாரன் ஒருத்தன். இப்ப எல்லாத் தறியிலயும் இதே சாயந்தான் முதலாளி."

அவர் சேலையை மடித்து என் கையில் கொடுத்தார். "பத்து நாள்னு சொன்னேன். பன்னெண்டு நாளு பாத்தேன். நேத்துத்தான் உங்க சரக்கு கப்பல் ஏறிச்சு. மதுரக்காரரு ஒருத்தரு வந்து உக்காந்திருந்தாரு. அடுத்த பருவத்துக்கு அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். வாக்கு வாக்குதாம்வே. நேத்து வந்திருந்தாக்கூட நான் பேசியிருப்பேன்."

காலைப் பிடித்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். இலவசச் சாப்பாட்டை வேண்டாம் என்று நான் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அம்பாசமுத்திரம் திரும்பினேன். முதலாளி ஒரே கேள்விதான் கேட்டார். "எந்தக் கிளாஸ்லலே போன?"

சொன்னேன். பொய் சொல்லத் தெம்பில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சாயப்பொடி டப்பா ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "நானும் மலிவுன்னுதாம்லே இத வாங்கினேன்" என்றார். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது. திரும்பி வந்த சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளினார். பதினான்கு தறி ஐந்தாயிற்று. அந்த ஐந்தில் சண்முகத்தின் தறி இல்லை. திறமை போதாமலா? அவன் சாயத்தைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மிஞ்சிய தறிகள் முதலாளியின் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயின.

நானும் சண்முகத்தைப் பார்க்கப் போகவில்லை. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போக வேண்டி வந்தால் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன்.

அடுத்த வருஷம் வேறு சரக்கு விஷயமாகக் கொழும்பு போகத் தூத்துக்குடித் துறைக்கு வந்தேன். கையில் ரெண்டாங் கிளாஸ் டிக்கெட். புதுக் கோட்டு. கப்பலுக்குக் கொண்டுபோகும் படகுகளுக்காக வரிசை நின்றது. பக்கத்து வரிசையில் கங்காணி ஒருவரின் ஆட்கள், கழுத்தில் தகர வில்லையோடு. அந்த வரிசையிலிருந்து யாரோ "ஐயா!" என்று கூப்பிட்டார்கள்.

சண்முகம். பக்கத்தில் பேச்சியம்மாள். அவள் கட்டியிருந்தது கருநீலச் சேலை, சிவப்புக் கரை. பல தடவை துவைத்த சேலை. கரை அப்படியே இருந்தது.

அவனுக்கு எதுவும் தெரியாது. எனக்கு வழியில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். சண்முகம் சிரித்த முகத்தோடு என் கோட்டைப் பார்த்தான், என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தான்.

"ஐயா ஒடம்பு தேவலையா? நீங்களும் கொளும்புக்கா?" என்றான். கழுத்திலிருந்த வில்லையைத் தூக்கி எனக்குக் காட்டினான். "நீங்க எதுக்கு ஐயா இம்புட்டுத் துட்டக் குடுத்துப் போறிய? இதுல வாங்க. கப்பலு, சோறு, தங்குத எடம் எல்லாமே சும்மாங்குதாவ."

படகு வந்தது. அவர்கள் ஏறினார்கள். நான் ஏறவில்லை. என் டிக்கெட்டைக் கிழித்துக் கடலில் போட்டுவிட்டு ரயிலடிக்கு நடந்தேன். அதனால் சண்முகத்துக்கு ஒரு பயனும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

பினாங்குத் தம்பி இதைப் படிப்பான். அடுத்த விருந்தில் நானும் வருவேன், முன் வரிசையில் உட்காருவேன். அவன் எழுந்து நின்று, எவ்வளவு மிச்சம் பிடித்தான் என்று என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லட்டும்.